இன்னும் ஒரு வாய்

"இந்த வயசுலயும் ஊட்டிவிடாத குறையா கவனிச்சுக்கறாரு பாருங்க, நீங்களும் இருக்கீங்களே," என்று பக்கத்து மேசைப் பெண் தன் புதுக் கணவனை இடித்துக் காட்டினாள். தையல்காரர் வெட்கப்பட்டவர்போல் சிரித்துவைத்தார். மனைவியின் தட்டில் இன்னொரு வெண்ணெய் பன்னை எடுத்து வைத்தார்.

கடற்கரைச் சாலையிலிருந்த அந்த பேக்கரி விடிந்ததுமே நிரம்பிவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வரிசை, மேசைக்கு அடியில் மணல் ஒட்டிய செருப்புகள், நாற்காலி முதுகில் காயப்போட்ட ஈரத் துண்டுகள். ஊர் சுற்ற வந்தவர்கள் இன்றைக்கு எங்கெங்கே போகலாம் என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தையல்காரரும் மனைவியும் போகவேண்டிய இடம் எதிர்ச் சாரியிலேயே இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் வந்த பிறகுதான் உள்ளே விடுவேன் என்று காவலாளி திருப்பி அனுப்பியிருந்தார்.

மகன் இதே சாலையில் ஒரு ஹோட்டலில் சமையல்காரன். அடுப்படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டான் என்று சொல்லித்தான் தையல்காரர் நேற்று ராத்திரி மனைவியைப் பஸ் ஏற்றிக் கூட்டிவந்தார். உண்மையில் அவன் காலில் ஒரு கீறல்கூட இல்லை. மதிய வேலை முடிந்து குளிக்கப் போனவனைக் கடல் கொண்டுபோய்விட்டு, அப்புறம் வெறும் உடலாகத் திருப்பிக் கொடுத்திருந்தது. ஹோட்டல் மேலாளர் தையல் கடைக்குப் போன் போட்டு, சொல்ல முடியாமல் சொன்னார்.

துணியைக்கூட வெட்டாமல், காஜா மட்டும்தான் பாக்கி, நாளைக்குத் தந்துவிடுகிறேன் என்று ஆயுசு முழுக்கக் கூசாமல் பொய் சொன்ன மனிதர் அவர். ஒரே ஒரு பொய் இத்தனை கனக்கும் என்று அவருக்குத் தெரியாது. பஸ்ஸில் வழி நெடுக அவள் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டு வந்ததுதான் அவருக்கு ஒரே ஆறுதல்.

அவருடைய திட்டம் சின்னதுதான். ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் அவள் வயிற்றுக்குள் ஏதாவது போய்விட வேண்டும். விஷயம் தெரிந்த பிறகு எத்தனை நாளைக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடப்பாளோ, அது அவருக்குத்தான் தெரியும்.

ஆனால் அவள் பேரம் பேசினாள். "நீங்க ஒரு வாய் சாப்பிட்டா நான் ஒரு வாய்," என்று ஆம்லெட்டைப் பாதியாக வெட்டி அவர் பக்கம் தள்ளினாள்.

அது அவர்கள் வீட்டு வழக்கம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் ஒருவரை விட்டு ஒருவர் சாப்பிட்டதில்லை. போன வருஷம் ஒரு சண்டையில் அவர் வெறும் வயிற்றோடு கடைக்குப் போய், சர்க்கரை இறங்கி, தையல் மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டார். அதிலிருந்து அவள் சண்டையைக்கூடச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வைத்துக்கொள்கிறாள்.

வேறு வழியில்லாமல் அவரும் மென்றார். பன்னிலும் பாதியைப் பிய்த்துத் தின்றார். இதே நேரத்துக்கு மகன் யார் யாருக்கோ ஆம்லெட் புரட்டிப் போட்டுக்கொண்டிருப்பான் என்ற நினைப்பு வந்ததும் தாங்க முடியவில்லை. கை கழுவப் போகிற சாக்கில் எழுந்துபோய், குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

முகம் கழுவித் திரும்பியவரைப் பார்த்து, சோப்பு கண்ணில் பட்டுவிட்டதா என்று அவளே கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினார். அப்பாடா, அவள் அதற்குமேல் துருவவில்லை.

அவள் பாட்டுக்கு ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். எதிர் மேசைக் குழந்தைக்குச் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததைக் காட்டினாள். பரிமாறும் பெண்ணின் ஏப்ரனில் தையல் விட்டிருக்கிறது, ஊசி நூல் கிடைத்தால் நீங்கள் இப்போதே உட்கார்ந்துவிடுவீர்கள் என்று கிண்டல் செய்தாள். பேசு, இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே பேசு என்று அவர் மனசு கெஞ்சியது.

பரிமாறும் பெண் பில்லோடு வந்தாள். "பிஸ்கட் இப்பதான்மா சூடா எடுத்தோம். பிள்ளைங்களுக்கு ஏதாவது கட்டித் தரட்டுமா?"

தையல்காரருக்குப் பாதி உயிர் போய்விட்டது. மகனுக்கு என்று அவள் ஒரு பொட்டலம் வாங்கிவிட்டால், அதை எந்தக் கையால் தூக்கிக்கொண்டு நடப்பது?

"வேண்டாம்மா," என்றாள் அவள். அவருக்கு மூச்சு திரும்பியது.

பையிலிருந்து அவருடைய சர்க்கரை மாத்திரையை எடுத்து நீட்டினாள். அவர் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் தன் காபியில் மிச்சமிருந்ததையும் குடித்து முடித்தாள். தட்டு இரண்டும் காலியாகியிருந்தன.

எதிரே ஆஸ்பத்திரிக் கேட்டைத் திறந்துவிட்டார்கள். இனிமேல் தள்ளிப்போட முடியாது. முன்பின் தெரியாத எவனோ சொல்லி அவள் தெரிந்துகொள்வதைவிட, பெற்றவன் வாயால் கேட்பதுதான் நியாயம் என்று அவருக்குப் பட்டது.

மேசைமேல் இருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தார். உதடு கோணிக்கொண்டு போயிற்று.

அவள் கைக்குட்டையை எடுத்து, அவர் வாயோரம் ஒட்டியிருந்த பன் தூளைத் துடைத்துவிட்டாள்.

"சொல்ல வேண்டாங்க. அவன் கூட்டாளி எனக்குத்தான் முதல்ல போன் பண்ணினான்."