வியாழக்கிழமை மூன்று மணி

ஔந்த் என்ற ஊரில் ஒரு கல்லூரி. அங்கே கால அட்டவணை போடுவது ஸ்ரீவத்சனின் வேலை. பக்கத்து அறையில் அவர் மனைவி ராஜஸ்ரீ வெளிநாட்டு மாணவர்களின் விசா, சேர்க்கை விஷயங்களைக் கவனித்தாள். 2004 ஏப்ரலில் மாரடைப்பில் ஸ்ரீவத்சன் போய்விட்டார்.

ஜூனில் அவருடைய வேலையும் ராஜஸ்ரீயிடம் வந்தது. கம்ப்யூட்டர் பார்க்கும் ரீனா புது அட்டவணையைக் கொண்டுவந்தாள். முப்பத்திரண்டு வகுப்புகளுக்கும் வியாழன் மூன்று மணி காலியாக இருந்தது.

"ஏம்மா இத விட்டுட்டே?"

"நான் போட்டேன் மேடம். ஸ்கிரீன்ல இருக்கு, பாருங்க. பிரிண்ட்ல மட்டும் வரல."

வேறு பிரிண்டரிலும் வரவில்லை. ராஜஸ்ரீ காலிக் கட்டங்களில் பாடங்களைப் பேனாவால் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினாள். மறுநாள் காலையில் அந்தக் கட்டங்களில் மையே இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பதினோரு வருஷமாக வியாழன்தோறும் மூன்று மணிக்கு அவர் அவள் அறை வாசலில் வந்து நிற்பார்.

"கேன்டீனுக்கு வாயேன், ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்."

"அடுத்த வாரம் வரேன்னா. விசா பேப்பர் குவிஞ்சு கெடக்கு."

ஒரு வாரம்கூட அவள் போனதில்லை.

அந்த வியாழன் மூன்று மணிக்கு அறையைப் பூட்டிவிட்டுப் போனாள். இரண்டு டீ சொன்னாள். நான்கு மணி வரை உட்கார்ந்திருந்தாள். இரண்டும் ஆறிப்போயின.

மறுநாள் போர்டில் முப்பத்திரண்டு கட்டங்களிலும் பாடங்கள் அச்சாகியிருந்தன. அந்த மணி காலியாகவே இருக்கட்டும் என்று ராஜஸ்ரீ வெள்ளை மை வாங்கிவந்து ஒவ்வொன்றாக அழித்தாள்.

திங்கட்கிழமை பார்த்தபோது எல்லாப் பாடங்களும் திரும்ப இருந்தன.