சத்தமாக வந்த துடிப்புகள்

நட்சத்திரம் மறுபடியும் நின்றுவிட்டது.

லேப்டாப் திரையில் நொடிக்கு ஒன்றாகத் துடிப்பு வரவேண்டும். நாற்பது வந்தது. பிறகு வெறும் கோடு.

பல்சார் என்னும் சுழலும் நட்சத்திரங்களில் சில இப்படித்தான். சுற்றுவது நிற்காது, ரேடியோ அலை மட்டும் திடீரென்று அறுந்துபோகும். ஏன் என்று இன்னும் யாருக்கும் முழுசாகத் தெரியாது. மூன்று வருடமாக என் ஆராய்ச்சியே அதுதான்.

வளைகுடாவில் லாரி ஓட்டும் என் தம்பி மெல்வினிடமிருந்தும் பதினொரு நாளாகப் பேச்சில்லை. அவன் போன் சுவிட்ச் ஆப். லீவு போட்டுவிட்டு ஆவூரில் அம்மா வீட்டுக்கு வந்தவள், பயத்தில் சும்மா இருக்க முடியாமல் வேலையைத் திறந்து உட்கார்ந்திருந்தேன்.

எதிரே அம்மா செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். நின்றது என்றால் செத்துப்போனதா என்று கேட்டாள். இல்லை, திரும்பி வரும்போது தாளம் தப்பாமல் வரும் என்றேன். அவள் நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

தொலைநோக்கிப் பதிவில் கலக்கும் செல்போன், மோட்டார் இரைச்சலையெல்லாம் வடிகட்ட நானே ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். அது கழித்துப்போட்ட குப்பையை இதுவரை திறந்து பார்த்ததில்லை. அன்று திறந்தேன்.

காணாமல் போன துடிப்புகள் அத்தனையும் அங்கே கிடந்தன. வழக்கத்தைவிடச் சத்தமாக வந்ததால், நிஜமாக இருக்காது என்று புரோகிராம் தூக்கி எறிந்திருக்கிறது.

மூன்று வருட உழைப்பு விழலுக்கு இறைத்த நீர். மற்றவை எப்படியோ, இது நிற்கவே இல்லைம்மா, கெட்டிக்காரி நான்தான் கழித்துக்கட்டியிருக்கிறேன் என்று தலையில் அடித்துக்கொண்டு விவரம் சொன்னேன்.

அம்மாவின் விரல் மணியில் நின்றது.

"பத்து நாளைக்கு முந்தி புது நம்பர்ல ஒருத்தன் பேசுனான். 'அம்மா, நாந்தான், போனப் புடுங்கிட்டாங்க'ன்னு ஒரே அழுகை. அப்படியே நம்ம மெல்வின் கொரலு. நீதானே பிரின்சி சொன்ன, பெத்த புள்ள கொரலயே கம்ப்யூட்டர்ல செஞ்சு ஏமாத்துவாங்க, பிளாக் பண்ணிருன்னு."

ஏமாறாமல் தப்பித்த பெருமை அவள் முகத்தில் பாதி இன்னும் இருந்தது. மீதிப் பாதிக்குப் புரியத் தொடங்கியிருந்தது.

மெல்வினுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அம்மாவின் நம்பர் ஒன்றுதான்.

போனை வாங்கினேன். தடுக்கப்பட்ட அழைப்புகளில் ஒரே நம்பர், எட்டு முறை. தினமும் சாயங்காலம் ஒன்று.

கடைசியாக வந்தது முந்தாநாள்.