விரிசல் இல்லாத இரும்பு

“இதுல விரிசல் இருக்குது தம்பி. வேண்டாம்.”

சவுரியப்பன் அந்த லாரி ஸ்பிரிங் பட்டையைக் கதிரவன் கையிலிருந்து வாங்கிக் குவியலிலேயே திரும்பப் போட்டார். விரிசலாவது ஒன்றாவது. அப்படி ஒரு நல்ல பட்டை அவருடைய பழைய இரும்புக் கடைக்கு வந்தே ரொம்ப நாளாயிற்று.

கதிரவன் எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. தருமபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவர். சித்திரையில் ஒருநாள், யாரோ ஒருவர் பழைய இரும்பைத் தட்டிக் கத்தி செய்வதைச் செல்போனில் பார்த்தார். அன்றிலிருந்து அதே பித்து. தன் கையால் ஒரே ஒரு கத்தி, மாம்பழம் நறுக்குகிற அளவுக்குச் சின்னதாக ஒன்று செய்துவிட வேண்டும். அதுவரை ஞாயிற்றுக்கிழமை என்றால் பிராந்திக் கடை வாசலில் கிடந்த மனிதர், அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

கத்திக்கு முதலில் இரும்பு வேண்டும். எவர்சில்வர் சரிப்படாது; காய்ச்சி எண்ணெயில் முக்கினால் இறுகுகிற இரும்பாக இருக்க வேண்டும்; புதிதாகச் செய்கிறவருக்கு லாரிப் பட்டைதான் தோது என்று எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருந்தார்.

ஆகவே ஞாயிறு தவறாமல், சவுரியப்பன் பூசை முடிந்து வந்து கடை திறக்கும்போதே வந்து நிற்பார். குவியலுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு பட்டையாக எடுத்துச் சுத்தியலால் தட்டுவார். சத்தம் தேய்ந்து அடங்குகிறவரை கண்ணை மூடிக்கொள்வார். பிறகு, காலண்டர் அட்டையில் வெட்டி வைத்திருக்கும் கத்தி உருவத்தைத் துருவின் மேல் வைத்து, நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார். பிடிக்குப் புளியங்கட்டையா வேப்பங்கட்டையா என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். வெயில் ஏறும். லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். அவருக்கு மட்டும் அந்தத் துருவுக்குள் ஒரு கத்தி பளபளத்துக்கொண்டிருக்கும். பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே கொஞ்சம் சொக்கும்.

அப்படிப் பொறுக்கி எடுத்து, முகமெல்லாம் சிரிப்பாக வருகிறவரிடம்தான் சவுரியப்பன் வாராவாரம் வேண்டாம் என்கிறார். போன வாரம், தேய்ந்துபோன பட்டை என்றார். அதற்கு முந்தி, வேறு ஆளுக்குச் சொல்லி வைத்தது என்றார். விற்பதற்குத்தானே கடை? பக்கத்து டீக்கடையில் இருந்தவர்களுக்கே எரிச்சல் வந்தது. ஆசையாக வருகிற மனுஷனை இப்படித் துரத்தினால் மறுபடியும் பிராந்திக் கடைக்குத்தான் போவான் என்று அவர்கள் பேசிக்கொண்டது சவுரியப்பன் காதிலும் விழுந்தது. அவர் அசையவில்லை.

கதிரவன் அட்டையை மடங்காமல் சட்டைப் பைக்குள் வைத்தார். அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அவர் தலை மறைந்ததும், எதிர்ப்பக்கம் நின்றிருந்த ஒரு பெண் சாலையைக் கடந்து வந்தாள். கதிரவனின் மனைவி சுசித்ரா.

“இன்னிக்கும் இல்லைன்னுட்டீங்களாண்ணா?”

“நீ சொன்ன மாதிரியேதாம்மா.”

ஆமாம், இது அவள் செய்த ஏற்பாடுதான். கட்டிய புருஷன் ஏங்குகிற ஒரு துண்டு இரும்பைக் கிடைக்கவிடாமல் செய்கிறவளை என்னவென்று சொல்ல?

ஆனால் கதிரவன் ஒரு தினுசான குடிகாரர். ஒரு வேலையில் இறங்கிவிட்டால் அது முடிகிறவரை ஒரு சொட்டுத் தொட மாட்டார். முடிந்ததோ, போச்சு. வீட்டில் மீன்தொட்டி கட்டினார். மீன் விட்ட அன்றைக்குச் சந்தோஷத்தில் குடிக்கப் போனவர் வாரக்கணக்கில் தெளியவில்லை. மொட்டை மாடியில் தோட்டம் போட்டார். முதல் தக்காளி பறித்த அன்றைக்கும் அதே கூத்து. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை கிடையாது என்று ஜவுளிக்கடை முதலாளி சொல்லிவிட்டார். இந்தக் கத்தி ஆசை வந்த பிறகுதான் வீடு வீடாக இருந்தது. இரும்பே கிடைக்காவிட்டால் கத்தி எப்படி முடியும்? சுசித்ரா இதைச் சொல்லிக் கேட்டுக்கொண்டபோது சவுரியப்பன் மறுபேச்சே பேசவில்லை. சட்டென்று தலையாட்டிவிட்டார்.

இன்றைக்கு அவள் கடை வாசலில் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது.

“போதும்ணா. அடுத்த வாரம் அவரு எதை எடுத்தாலும் குடுத்துடுங்க.”

சவுரியப்பன் அவளைப் பார்த்தார்.

“அந்த அட்டையை நெஞ்சு மேல வச்சுக்கிட்டுத்தான் தூங்குறாருங்க. தூக்கத்துலகூட கை எதையோ தீட்டிக்கிட்டே இருக்குது. உதட்டுல ஒரு சிரிப்பு. அதைப் பார்த்துட்டு எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குதுண்ணா. இப்படி ஒரு ஆளை ஏமாத்திக்கிட்டு எப்படிங்க அவரு பக்கத்துலயே படுக்கறது? குடிச்சா குடிக்கட்டும். வர்றதை நான் பார்த்துக்கறேன்.”

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சவுரியப்பன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்து முடித்ததும் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“குடுக்க முடியாதும்மா.”

“நான்தானேண்ணா குடுக்க வேண்டாம்னு சொன்னேன். இப்போ நானே குடுங்கங்கறேன்.”

“நீ வந்து கேக்கறதுக்கு முந்தின வாரமே தம்பி வந்து கேட்டுக்கிட்டாரும்மா. ‘கத்தி முடிஞ்சுதுன்னா குடிச்சிருவேன், அதனால நான் எதை எடுத்தாலும் தட்டிக் கழிச்சிருங்க. எனக்கு நானே வேண்டாம்னு சொல்லிக்கத் தெரியலைங்கண்ணா, நீங்க சொல்லுங்க’ன்னாரு.”