ரிஷ்தான் கொத்தனார்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. சனோபர் மகளின் கைகளை மடியில் இழுத்து வைத்து, பருத்திக்கொட்டை எண்ணெயும் உப்பும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நகக்கண்ணுல ஒரு பொட்டு வெள்ளை தெரிஞ்சாலும் எல்லாம் போச்சு."

"எரியுதும்மா."

"எரியட்டும்."

ஆய்தினின் நகக்கண்ணில் இருந்தது சுவருக்கு மேல்பூச்சுப் பூசுகிற ஜிப்சம். கோகந்த் நகரில் இந்தப் பழைய மண் வீட்டை வாங்கிய பிறகு, கொத்தனாருக்குக் கொடுக்க சனோபரின் கணவர் எர்காஷிடம் எதுவும் மிஞ்சவில்லை. அவர் பேருந்து ஓட்டுகிறவர். மகள்தான் கைபேசியில் வீடியோ பார்த்து மண்ணையும் வைக்கோலையும் குழைத்தாள். முதல் சுவரின் பூச்சு மறுநாளே பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டாவது நின்றது. அதன் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை.

போன வசந்தத்தில் பெண் கேட்டு வந்தவர்கள் ஒழுகும் கூரையைப் பார்த்துவிட்டு, தேநீர் ஆறுவதற்குள் எழுந்து போனார்கள். ஆய்தினுக்கு இருபத்தைந்து ஆகிறது. இந்தத் தெருவுக்குப் பெண் பார்க்க இன்று இரண்டு பேர் வருகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருந்தாள். இன்னொரு முறை அப்படி நடந்தால் வெளியே தலைகாட்ட முடியாது என்று சனோபர் பயந்தாள். முன்பு சுவரைப் பற்றிய கவலை. இப்போது சுவர் பூசிய கையைப் பற்றிய கவலை.

"யாரு கேட்டாலும் ரிஷ்தான்லேர்ந்து கொத்தனார் வந்தாருன்னு சொல்லணும்" என்றாள் கணவரிடம்.

"ஆளு எப்படின்னு கேட்டா? கூலி வாங்க மாட்டாரு, கொஞ்சம் பிடிவாதம், அப்படியே அவங்க அம்மா மாதிரின்னு சொல்லவா?"

"நீங்க வாயே திறக்க வேணாம். முத்தத்துல உக்காருங்க."

வந்தவர்களில் மூத்தவள் ஹோஸியத். பையனின் தாய். மற்றவள் அவள் தங்கை. ஹோஸியத் துணியில் முடிந்த இரண்டு ரொட்டிகளைக் கொண்டுவந்து மேசையின் ஓரத்தில் வைத்தாள். பெண்ணைப் பிடித்தால் முடிச்சு அவிழும். ரொட்டியைப் பிய்த்துவிட்டால் சம்மதம். சனோபர் அந்த முடிச்சைப் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

வந்த விஷயத்தை எடுத்த எடுப்பில் யாரும் சொல்வதில்லை. பேச்சு வெயிலில் தொடங்கி, பருத்திக்குப் போய், முட்டிவலியில் நின்றது. ஹோஸியத் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய், பீங்கான் கிண்ணங்கள் அடுக்கியிருந்த மாடத்தின் விளிம்பில் உள்ளங்கையை ஓட்டினாள்.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. யாரு வேலை?"

"ரிஷ்தான்லேர்ந்து ஒருத்தர் வந்தாரு அக்கா."

ஆய்தின் தேநீரோடு வந்தாள். விருந்தாளிக்கு மரியாதையாகப் பாதிக் கிண்ணம் மட்டும் ஊற்றி, கையை நெஞ்சில் வைத்துக் குனிந்து நீட்டினாள். ஹோஸியத் கிண்ணத்தை வாங்காமல் அந்த விரல்களையே பார்த்தாள். அவை ரோஜாப்பூ நிறத்தில் இருந்தன. எண்ணெயும் உப்பும் வீண்போகவில்லை என்று சனோபர் நினைத்துக்கொண்டாள்.

பெண் கதவுப் பக்கம் போன பிறகு ஹோஸியத் தன் வீட்டைப் பற்றிச் சொன்னாள். அதுவும் பழையதுதானாம். பையனே கூரையை மாற்றுகிறானாம்.

"வேலைக்குப் போயிட்டு வந்து, இருட்டுற வரைக்கும் கிடந்து மாரடிக்கிறான். தனியாளு, பாவம்."

இது ஆழம் பார்க்கிற பேச்சு என்று சனோபருக்குப் பட்டது. தன் பெண்ணை மண் சுமக்கிறவள் என்று எடைபோட்டுவிடக் கூடாது. வேலை நடந்தபோது ஆய்தினை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். தூசி பட்டால் அவளுக்குத் தும்மல் வரும் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது உண்மை போலிருந்தது.

"வாளி கூடத் தூக்கித் தரலையா?"

"வாளியா? சமையல் கரண்டியத் தவிர வேற கரண்டி பிடிச்சதில்ல அக்கா."

முற்றத்தில் எர்காஷ் நீளமாக இருமினார். கதவுக்குப் பின்னால் தேநீர்ப் பானையின் மூடி ஒருமுறை சத்தம் போட்டது.

ஹோஸியத் தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்தாள்.

"பூ மாதிரி வளத்திருக்கீங்க" என்றாள் ஹோஸியத்.

சனோபரின் முகம் மலர்ந்தது. ஹோஸியத்தின் கை மேசை ஓரத்துக்குப் போனது. துணியின் முடிச்சை இன்னும் ஒரு சுற்று இறுக்கி, ரொட்டிகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

சனோபர் பழம் வெட்டப் போவதாகச் சொன்னாள். புலாவ் அடுப்பில் இருக்கிறது என்றாள். இரண்டு பெண்களும் அதற்குள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். தெருவில் இறங்கிய ஹோஸியத், இரண்டு பக்கமும் வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி, வீடு மாறி வந்துட்டோம். ஜிப்சம் விக்கிறவரு இந்தத் தெருன்னுதான் சொன்னாரு. தன் வீட்டைத் தன் கையாலேயே பூசின பொண்ணு ஒண்ணு இருக்காமே, அது எந்த வீடு?"