மாமனாருக்கு ஒரு ஜெட் படகு

மாமனாரின் அலுமினியப் படகைத் தன் பட்டறையில் கவிழ்த்துப்போட்டான் மருமகன். அடிப்பாகத்தை வெட்டியெடுத்து, புரொப்பெல்லருக்குப் பதிலாகத் தண்ணீரைப் பின்னால் பீய்ச்சிப் படகைத் தள்ளும் ஜெட் பம்பைப் பொருத்தி, சுற்றிலும் தகடு வைத்து ஒழுகாமல் வெல்டிங் செய்தான். சோறு தண்ணீர் மறந்த உழைப்பு!

"எங்கப்பா மேல இவ்வளவு பாசமா?" மனைவிக்குக் கண் கலங்கியது.

பாசமோ பாசம். அக்கரையிலிருந்து விருந்துக்கு வந்த மாமனாரும் மாமியாரும், ஆறு வற்றியதும், "புரொப்பெல்லர் பாறையில இடிக்கும். மழை வந்தப்புறம் போறோம்" என்று தங்கிவிட்டிருந்தார்கள்.

ஜெட் படகு கணுக்கால் தண்ணீரிலும் பறந்தது. மருமகன் ஓடிப்போய் அவர்கள் பெட்டியைத் தூக்கிவந்தான்.

"அது இங்கயே இருக்கட்டும் மாப்பிள்ளை," என்றார் மாமனார். "கோடையில வர முடியலையேன்னு இத்தனை வருஷமா தவிச்சோம். இனி வாராவாரம் வந்துடலாம்!"