பேசக் கூடாது, அசையக் கூடாது

ஆறு கடலில் கலக்கும் சதுப்புக்காட்டில், மீன்பிடிப் பூனையைப் படமெடுக்கக் காரை நிறுத்தி மூன்று மணி நேரமாகிவிட்டது. திறந்த டிக்கிக்குப் பத்தடி தள்ளி, ஆற்றைப் பார்த்து நின்ற கணவர், பீரங்கி போன்ற கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

“ஏங்க...” என்றாள் காருக்குள்ளிருந்த மனைவி.

“பேசக் கூடாது, அசையக் கூடாது. காடுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?”

இன்னும் இரண்டு முறை கூப்பிட்டாள். இரண்டு முறையும் அதே பாடம் நடந்தது.

பசியெடுத்ததும் டிக்கிக்கு வந்தார். தட்டில் மூடி வைத்திருந்த மீன் வறுவலைக் காணோம். பின்சீட்டில் தூங்கிய மச்சானை உலுக்கினார்.

“மொத்தத்தையும் முழுங்கிட்டுத் தூக்கம் வேறயா?”

“நான் தொடவே இல்ல அத்தான்.”

“உங்க குடும்பத்துக்கே கை நீளம்.”

மனைவி தன் செல்போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

திரும்பும் வழியில், சோதனைச்சாவடியில் உட்கார்ந்திருந்த வனக்காவலர் விசாரித்தார். “ஏதாவது பாத்தீங்களா சார்?”

“ஒரு மண்ணும் இல்ல. பூனை இருக்குன்னு ஊரை ஏமாத்துறீங்க.”

மனைவி தன் செல்போனை நீட்டினாள். காவலர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். டிக்கி விளிம்பில் வறுத்த மீனைக் கவ்விய புள்ளிப் பூனை. அதற்குப் பின்னால் கணவரின் முதுகு.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றார் கணவர்.

“மூணு தடவை ஆரம்பிச்சேங்க. காடுன்னா என்னன்னு தெரியாதவதானே, அதோட நிறுத்திக்கிட்டேன்.”