யார் மேல கண்ணு?

மகள் தையல் கடையைத் தாண்டியதுமே, உள்ளே தையல்காரம்மா மெஷினை நிறுத்தினாள். செல்போனை எடுத்து என்னவோ தட்டினாள்.

நாலு கடை தள்ளி, மருந்துக்கடைக்காரர் தன் போனைப் பார்த்தார். உடனே கல்லாவை விட்டு எழுந்து வாசலில் வந்து நின்றார்.

விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்று அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி நடப்பது இன்றோடு நாலாவது நாள். இதைத் தற்செயல் என்று எவன் சொல்வான்?

அப்பா லிஃப்ட் மெக்கானிக். லேசாக ஒரு முனகல் கேட்டாலும் கம்பியைச் சந்தேகப்படுவதுதான் தொழில். வீட்டிலும் அதே புத்திதான்.

மகளுக்குப் பத்தொன்பது வயது. போன வருஷம் பரீட்சை ஹாலில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, வியர்த்துக் கொட்டி விழுந்தவள். அப்புறம் எட்டு மாசம் வாசற்படி தாண்டவில்லை. டாக்டர் 'பதற்ற நோய்' என்றார். மாத்திரையோடு, சமூக மையம் ஒன்றுக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மகள் அவளை 'அக்கா' என்றாள். மூணு வாரம் இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். என்ன பேச்சு என்று அப்பாவுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் அந்த அக்கா வந்து, "நாளையிலேர்ந்து இவ தனியா மையத்துக்கு நடந்து வரப்போறா சார். எட்டு நிமிஷ நடைதான். நீங்க கூட வராதீங்க," என்றாள்.

"தனியாவா? என்னம்மா இது, விளையாட்டா?"

"இது இவளுக்குன்னே போட்ட திட்டம் சார். எல்லாத்தையும் இவதான் முடிவு பண்ணினா."

"என்ன திட்டம்? எனக்குக் காட்டுங்க."

"அவளே ஒருநாள் சொல்வா."

வேறு வழியில்லாமல், "சரி, வரமாட்டேன்," என்று வாக்குக் கொடுத்தார் அப்பா. மறுநாள் மகள் தெருமுனை திரும்பியதுமே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து ரெண்டு வாரமாகத் தினமும் முப்பதடி பின்னால்.

இப்போது பார்த்தால் தெருவே சேர்ந்து ஏதோ செய்கிறது.

இன்று பழக்கடைக்காரர் கூட அதில் சேர்த்தி. முனையில் மகள் ரோட்டைக் கடக்கும்போது நடுவில் இறங்கி, கையை நீட்டி வண்டிகளை நிறுத்தினார். அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகும் கையை இறக்காமல் அசடு மாதிரி நின்றார்.

அன்று மத்தியானம் மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தார்.

"அந்தத் தெருவுல ஆளுங்க சரியில்லை. பொண்ணு போனா போனை எடுக்கறாங்க. படம் கிடம் பிடிக்கறாங்களோ என்னவோ."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சொன்னாங்க."

"யாரு?"

"யாரோ சொன்னாங்க. விடேன்."

மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். இவளுக்கும் தெரியுமோ? அப்பாவுக்கு அந்தச் சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

ஐந்தாம் நாள் பொறுக்க முடியவில்லை. மகள் மையத்துக்குள் போனதும் விறுவிறுவென்று திரும்பி வந்து, தையல் கடைக்குள் நுழைந்தார்.

"என்னம்மா நடக்குது இங்க?"

தையல்காரம்மா வாயிலிருந்த ஊசியை எடுத்தாள். "என்ன சார்?"

"நடிக்காதீங்க. என் பொண்ணு போனதும் நீங்க போனை எடுக்கறீங்க. அந்த மருந்துக்கடைக்காரர் வாசலுக்கு வர்றார். உடம்பு முடியாத பொண்ணும்மா அது! எட்டு மாசம் கழிச்சு இப்பத்தான் வெளிய வருது. அதைப் போய் வேவு பாக்கறீங்களே, உங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லையா?"

சத்தம் கேட்டு மருந்துக்கடைக்காரர் ஓடி வந்தார். அவரையும் அப்பா விடவில்லை.

"வாய்யா வா. எல்லாரும் ஒரே கூட்டுதானே? போலீஸ்ல சொல்றேன்!"

"முதல்ல உக்காருங்க சார். தண்ணி குடிங்க."

"தண்ணியெல்லாம் வேணாம். அந்தப் போனைக் குடுங்க."

தையல்காரம்மா மருந்துக்கடைக்காரரைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். போனை நீட்டினாள்.

அப்பா பிடுங்கிப் பார்த்தார். ஏதோ ஒரு குழு. மையத்து அக்காவும் அதில் இருந்தாள்! இன்றைய தேதியில் வரிசையாகச் செய்திகள்.

'தையல் கடை தாண்டியாச்சு.'

'மருந்துக்கடையும் ஆச்சு.'

'முனையில ரெண்டு பக்கமும் வண்டியை நிறுத்தியாச்சு. பத்திரமா கிராஸ் பண்ணியாச்சு.'

அப்பா போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாத்தீங்களா? அடிக்கு அடி எழுதியிருக்கீங்க! யாரு உங்களுக்கு இந்த உரிமையைக் குடுத்தது?"

"உங்க பொண்ணுதான்," என்றாள் தையல்காரம்மா.

"பொய்!"

"மேல தள்ளிக்கிட்டே போங்க சார். முதல் செய்தியைப் படிங்க."

அப்பா விரலால் தள்ளினார். ஐந்து நாள் செய்திகள் ஓடின. கடைசியில் ஒன்று நின்றது. மகள் எழுதியது:

'எல்லாருக்கும் வணக்கம். எனக்கு என்ன உதவி வேணுமோ உங்ககிட்ட நானே கேக்கலாம்னு அக்கா சொன்னாங்க. தனியா நடக்கறது எனக்கு இப்போ பழகிடுச்சு. ஆனா அப்பா என் பின்னாடியே வர்றார். என்னையே பாத்துக்கிட்டு வர்றதால ரோட்டைப் பாக்க மாட்டேங்கறார். நேத்து ஒரு வேன் அவர்கிட்ட வந்து பிரேக் போட்டுச்சு. இப்ப எனக்கு இருக்கிற ஒரே பயம் அதுதான். தயவுசெய்து அவரைக் கொஞ்சம் பாத்துக்குங்க. அவருக்குத் தெரிய வேண்டாம். பாவம், பயந்துடுவார்.'